மஃபாத்துக்கு எந்த வாசல்? காரை எங்கே விடுவது, எங்கிருந்து நடப்பது

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான ரீயூனியனின் நடுவே மூன்று பெரிய மலைக்கிண்ணங்கள் இருக்கின்றன. சலாஸிக்கும் சிலாவோஸுக்கும் காரிலேயே போய் இறங்கலாம். மூன்றாவதான மஃபாத்துக்குச் சாலை கிடையாது. அங்கே நடந்து போக வேண்டும், இல்லையென்றால் ஹெலிகாப்டரில் போக வேண்டும். உள்ளே லா நுவேல், மார்லா, ரோஷ் ப்ளாத், ஒரேர் என்று சின்னச் சின்ன ஊர்கள். இங்குள்ளவர்கள் அவற்றை ‘இலெத்’ என்பார்கள். சில நூறு பேர் அங்கேயே குடியிருக்கிறார்கள். கடை, பள்ளிக்கூடம், இரவு தங்கும் ‘ஜீத்’ எல்லாம் உண்டு.

புதுச்சேரியிலிருந்தோ காரைக்காலிலிருந்தோ இங்கு வந்து குடியேறியவர்கள் முதல் முறை மஃபாத் போகும்போது செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான்: வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் வாசலைத் தேர்ந்தெடுப்பது. சேன்-பொல்லில் இருப்பவர் மைதோவுக்கும், சேன்-ஆந்த்ரேயில் இருப்பவர் சலாஸிக்கும் வண்டியைத் திருப்பிவிடுகிறார்கள். பெட்ரோல் கணக்குக்கு அது சரி, முட்டிக்குச் சரிவராது. மஃபாத்தைச் சுற்றி ஐந்தாறு வாசல்கள் இருக்கின்றன. காரை எங்கே விடுகிறீர்களோ, அங்கேதான் மறுநாள் களைத்த காலோடு திரும்பி வர வேண்டும்.

கடைசி ஏற்றத்திலிருந்து கணக்கைத் தொடங்குங்கள்

வழக்கமான மலையில் காலையில் ஏறுவோம், மாலையில் இறங்குவோம். மஃபாத்தின் மேல்வாசல்களில் இது தலைகீழ். கார் நிற்பது விளிம்பின் மேலே, போகும் ஊர் கிண்ணத்தின் உள்ளே. காலையில் சிரித்துப் பேசிக்கொண்டே இறங்கிவிடலாம். ஏற்றம் முழுவதும் கடைசிக்கு மிச்சமிருக்கும்.

ஆகவே முதல் வேலையாக, எந்த இலெத்தில் தங்கப் போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். அங்கிருந்து காருக்குத் திரும்பும் ஏற்றம் எத்தனை மீட்டர், எத்தனை மணி நேரம் என்று பாருங்கள். குழுவில் எல்லாரையும்விட மெதுவாக நடப்பவர் அந்த ஏற்றத்தை ஏறுவாரா என்ற கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகே வாசலை முடிவு செய்யுங்கள். வரைபடத்தில் கிலோமீட்டரை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். இந்த மலையில் நான்கு கிலோமீட்டர் நான்கு மணி நேரமாகலாம்.

திரும்பும் நேரத்தைப் பின்னாலிருந்து எண்ணுங்கள். ஜூன் மாதத்தில் 5:45 மணிவாக்கில் சூரியன் மறைந்துவிடும்; டிசம்பரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாக வெளிச்சம் கிடைக்கும். ஆனால் விளிம்பில் காலை பத்து மணியிலிருந்தே மேகம் ஏறத் தொடங்கும், பிற்பகலில் மூடுபனி. மலைச்சாலையில் பனிக்குள் இறங்காமல் இருக்க, மாலை 3 மணிக்குள் காரை அடைவது நல்லது.

கோல் தே பே: முதல் முறை போகிறவர்களுக்கு

குழந்தைகளோடு போகிறவர்கள், இதுவரை மலையில் நடந்தே பழகாதவர்கள், ஒரே நாளில் போய்த் திரும்ப நினைப்பவர்கள் எல்லாரும் இங்கிருந்து தொடங்குங்கள். மாற்று யோசனையே வேண்டாம். மாடுகளின் கணவாய் என்று பொருள்படும் இந்த இடம் கடல்மட்டத்திலிருந்து 1,950 மீட்டர் அளவில் இருக்கிறது.

சேன்-ஆந்த்ரேயில் கடற்கரைச் சாலையை விட்டுச் சலாஸிக்குள் திரும்ப வேண்டும். டேங்கை அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். சமோசாவும் மிளகாய் வடையும் (இங்கு ‘போன்போன் பிமான்’) அங்கேயே வாங்கிவிடலாம். வழியெங்கும் சௌசௌக் கொடி படர்ந்து கிடப்பதைப் பார்க்கலாம். சலாஸியின் அடையாளக் காய் அதுதான். பிறகு க்ராந்த் இலெத், லெ பெலியே தாண்டி வனச்சாலையில் ஏறினால் பெத்தி கோல் வரும். அங்கே காவலுள்ள கட்டண நிறுத்துமிடம் இருக்கிறது. கட்டணத்துக்குச் சில்லறையாக ரொக்கம் வைத்திருங்கள்; இரவு தங்கும் வண்டி என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்தச் சில யூரோவை மிச்சம் பிடிக்க நினைத்து, கீழே சாலையோரத்தில் வண்டியை விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. திரும்பி வரும்போது அந்தச் சாலையையும் சேர்த்து ஏற வேண்டியதில்லை என்றாலும், ஆளில்லாத வளைவில் இரவு முழுவதும் நிற்கும் கார் திருடனுக்கு வைத்த விருந்து.

நிறுத்துமிடத்திலிருந்து கணவாய்க்கு அகலமான பாதையில் 20 முதல் 30 நிமிடம். அதன் பின் இறக்கம், அடுத்து ப்ளேன் தே தமாரேன் என்ற சமவெளிக் காடு. தமாரேன் என்றதும் புளியமரம் என்று நினைக்கத் தோன்றும். இது அக்கேசியா இனம், நம் வேலமரத்துக்கு உறவு. காட்டுக்குள் சேற்றைத் தாண்ட மரக்கட்டைகளைப் பதித்திருக்கிறார்கள். மழை பெய்திருந்தால் அந்தக் கட்டைகள் சோப்புப் போட்டதுபோல வழுக்கும். செருப்போடு வருபவர்கள் விழுவது பெரும்பாலும் இங்கேதான். கட்டையின் நடுவில் பாதத்தைக் குறுக்காக வையுங்கள், குதிக்காதீர்கள். கணவாயிலிருந்து லா நுவேல் சேர ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம். திரும்ப இரண்டரை மணி நேரம் வையுங்கள்.

ஆக, ஒரே நாளில் திரும்புவதானால் நண்பகலுக்கு முன்பே லா நுவேலை விட்டுக் கிளம்ப வேண்டும். அங்கே சாப்பாடு போடும் இடங்கள் இருக்கின்றன. பதினொன்றரைக்கே சாப்பிட்டு எழுந்துவிடுங்கள். இந்தப் பக்கச் சுவர் மேற்கு பார்த்தது என்பதால் முற்பகலில் வெயில் அதிகம் படாது. அதுவும் சீக்கிரம் கிளம்புவதற்கு ஒரு காரணம்.

குறை ஒன்று உண்டு. சலாஸி, காற்று நேராக வந்து மோதும் கிழக்குப் பக்கம். தீவிலேயே மழை கொட்டும் பகுதிகளில் ஒன்று. பெருமழைக்குப் பின் பாறையும் மண்ணும் சரிந்து சாலையோ வனப்பாதையோ மூடப்படுவது இங்கு வழக்கம். 2024 ஜனவரியில் பெலால், 2025 பிப்ரவரி இறுதியில் கரான்ஸ் என்று இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து தாக்கிய தீவு இது. ஆறு மாதத்துக்கு முன் நண்பர் போய் வந்தார் என்பதை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

இதே வனச்சாலையில், பெத்தி கோலுக்குக் கீழே போர் மார்தேன் என்ற இடத்திலிருந்து ‘ஸ்கூத்’ பாதை பிரிந்து ஒரேருக்குப் போகிறது. காட்சிக்கு அருமையான பாதை. அகலம் குறைவு, பக்கவாட்டில் பள்ளம். இரண்டாவது அல்லது மூன்றாவது பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மைதோ: பார்க்க வேறு, இறங்க வேறு

மைதோவின் காட்சிமுனை 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சேன்-பொல்லிலிருந்து சுமார் ஒரு மணி நேர ஏற்றம். மஃபாத் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டும் இடம் இதைவிட வேறில்லை. பார்க்க மட்டும் போகிறீர்களா? விடியும்போதே மேலே இருங்கள். காட்சிமுனையின் நிறுத்துமிடத்தில் விட்டுப் பார்த்துவிட்டு, மேகம் ஏறும் முன் இறங்கிவிடலாம்.

ரோஷ் ப்ளாத்துக்கு நடந்து இறங்குகிறவர்கள் அந்தக் கடைசி நிறுத்துமிடம் வரை போக வேண்டியதில்லை. பாதை தொடங்குவது அதற்குக் கொஞ்சம் முன்னால், சாலையோரத்தில். இறக்கம் ஏறத்தாழ 1,000 மீட்டர், இரண்டரை மணி நேரம். அதே 1,000 மீட்டரைத் திரும்ப ஏற மூன்றரை மணி, நான்கு மணி. இந்தச் சுவர் கிழக்கு பார்த்தது. சூரியன் உதித்ததும் முதல் வெயில் இதன் மேல்தான் விழும். ரோஷ் ப்ளாத்தில் மெதுவாகக் காலைச் சிற்றுண்டி முடித்து எட்டு மணிக்குக் கிளம்புகிறவர்கள் பாதி வழியில் தண்ணீர் தீர்ந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். இருட்டு விலகும்போதே காலடி எடுத்து வையுங்கள், ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீருக்குக் குறையாமல்.

ஞாயிற்றுக்கிழமை மைதோ சாலை குடும்பங்களின் சாலை. காலையிலிருந்தே அண்டாவும் அடுப்புமாக வந்து மரநிழலில் சமைப்பார்கள். மாலையில் எல்லா வண்டியும் ஒரே சாலையில் இறங்கும். மலைநடைக்கு வாரநாள் அல்லது சனிக்கிழமை நல்லது. 2010, 2011 அக்டோபர் மாதங்களில் இந்தச் சரிவில் பெரிய காட்டுத்தீ பரவியது. அமைத்துத் தந்த அடுப்பிடத்தைத் தவிர வேறெங்கும் நெருப்பு மூட்டக் கூடாது. கற்பூரமும் அதில் சேர்த்திதான்.

கண்ணாடியை உடைத்துப் பையை எடுத்துக்கொண்டு போகும் திருட்டு மைதோவில் கேள்விப்படாத ஒன்றல்ல. அதைத் தடுக்க என்ன செய்வது என்று கீழே சொல்கிறோம்.

தைபித்: ஏற்றத்தைப் பங்கு போட்டுத் தரும் வாசல்

சேன்-லூயியிலிருந்து சிலாவோஸ் போகும் சாலைக்கு 400 வளைவுகள் என்று கணக்குச் சொல்வார்கள். ஒரு வண்டி மட்டுமே போகக்கூடிய சுரங்கங்கள் உண்டு. நுழையும் முன் ஹாரன் அடித்து, எதிரே விளக்கு தெரிகிறதா என்று பார்த்து நுழையுங்கள். பேருந்து வந்தால் நீங்கள்தான் நிற்க வேண்டும், பேருந்தால் பின்னால் போக முடியாது. குமட்டல் வருபவரை முன் இருக்கையில் உட்கார வைத்து, வயிற்றைக் கனமாக நிரப்பாமல் கூட்டிப்போங்கள்.

பாதை தொடங்குவது சிலாவோஸ் ஊரில் அல்ல. ஊரிலிருந்து இலெத்-ஆ-கோர்த் போகும் சாலையில், சில கிலோமீட்டர் தள்ளி. அங்கே சாலையோர இடம் கொஞ்சம்தான். ஏறத்தாழ 800 மீட்டர் ஏறினால் 2,080 மீட்டர் உயரத்தில் தைபித் கணவாய். மறுபுறம் 400 மீட்டருக்கு மேல் இறங்கினால் மார்லா. மஃபாத்தின் இலெத்களில் மிக உயரமானது. போக மூன்று முதல் மூன்றரை மணி நேரம். இந்த வாசலின் சிறப்பு, பெரிய ஏற்றம் முதல் நாள் காலையிலேயே முடிந்துவிடுவது. மறுநாள் 400 மீட்டர் சொச்சம் ஏறினால் போதும், மற்றதெல்லாம் இறக்கம். ஏற்றத்துக்கு அஞ்சாதவர், ஆனால் களைத்தபின் ஏற முடியாதவர் என்றால் மைதோவைவிட இதுவே ஏற்றது. இறக்கத்தில் முட்டி வலிப்பவர்களுக்கு மட்டும் இது வேண்டாம்.

இங்கே காரை விட இன்னொரு வழி இருக்கிறது. முதல் நாள் மாலையே சிலாவோஸ் வந்து தங்கி, வண்டியை விளக்கும் ஆள்நடமாட்டமும் உள்ள ஊருக்குள்ளேயே விட்டுவிட்டு, காலையில் இலெத்-ஆ-கோர்த் பேருந்தில் பாதைத் தொடக்கத்தில் இறங்கிக்கொள்வது. திரும்பும் பேருந்தின் நேரத்தை முன்பே குறித்து வையுங்கள். தவறவிட்டால் சாலையில் நடை. வனத்தோரத்தில் இரவெல்லாம் கார் கிடக்கிறதே என்ற கவலை இருக்காது. பெயர்பெற்ற சிலாவோஸ் பயறும் கைக்குக் கிடைக்கும்.

கீழ்வாசல்கள்

இவற்றில் கணக்கு மாறும். கார் நிற்பது தாழ்வில், ஏற்றம் காலையில், இறக்கம் திரும்பும்போது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தாழ்வு என்றால் வெப்பம்.

தூ ப்ரா, ரிவியேர் தே கலே ஆற்றின் படுகையில் 250 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அதுவரை ஆற்றுப்படுகை வழியே நான்கு சக்கரமும் இயங்கும் (4x4) வண்டிகள் கூட்டிப்போகும், முன்பதிவு அவசியம். ஆற்றில் நீர் கூடினால் அவை ஓடாது. உங்கள் சொந்த வண்டியையோ வாடகை வண்டியையோ படுகைக்குள் இறக்கவே வேண்டாம். தூ ப்ராவிலிருந்து ஒரேருக்கு ஏறத்தாழ 700 மீட்டர் ஏற்றம். ஆறு மணிக்குத் தொடங்கினால் வெயில் உச்சிக்கு வருமுன் சேர்ந்துவிடலாம். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். ஆற்றைக் கடக்க வேண்டிய இடங்கள் உண்டு. உங்கள் தலைக்கு மேல் வானம் நீலமாக இருந்தாலும், கிண்ணத்தின் மேல்பகுதியில் பெய்த மழை கொஞ்ச நேரத்தில் ஆற்றில் வந்து இறங்கும். நீர் கலங்கலாக மாறினால் கரையேறிக் காத்திருங்கள்.

அதே தூ ப்ராவுக்குத் தோ தான் ஊரிலிருந்தும் நடந்து இறங்கலாம். அப்படிச் செய்தால் திரும்பும்போது 600 மீட்டர் ஏற்றம் மீண்டும் உங்கள் தலையில். தோ தானுக்குப் போவதானால் முதலில் காப் நுவார் காட்சிமுனைக்குப் போய் மஃபாத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள். நிறுத்துமிடத்திலிருந்து சின்ன நடைதான்.

சான் சூசியிலிருந்து ஒராஞ்சே இலெத்துக்குத் தண்ணீர்க் குழாயை ஒட்டியே ஒரு பாதை போகிறது. ஏற்றம் குறைவு, தூரம் அதிகம், ஓரத்தில் செங்குத்துப் பள்ளம். தலைசுற்றல் உள்ளவர்களுக்கு இது ஆகாது. கல் விழும் பாதை என்பதால் மழைக்குப் பின் தவிர்த்துவிடுங்கள்.

முந்தைய நாள்

பாதைகள் திறந்திருக்கின்றனவா என்பதை வனத்துறையான ஓ-என்-எஃப் தன் தளத்தில் வெளியிடுகிறது. கிளம்பும் முந்தைய மாலை பாருங்கள், சாலை நிலவரத்தையும் சேர்த்து. மூடிய பாதையில் போனால் அபராதம் என்பது இருக்கட்டும். மூடியதற்குக் காரணம் தலைக்கு மேல் தொங்கும் பாறை. புயல் எச்சரிக்கை ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிட்டால் பயணத்தை ஒத்திவையுங்கள். தைப்பூசக் காவடி முடிந்த கையோடு மலைக்குப் போக நினைப்பவர்கள் கவனிக்க: அது மழையும் புயலும் உள்ள பருவம். மே முதல் நவம்பர் வரை பாதை உலர்ந்திருக்கும். ஆனால் ஜூலை, ஆகஸ்டில் மார்லா இரவு நன்றாகக் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

ஜீத்தை முன்பதிவு செய்யாமல் போக வேண்டாம். மே மாத நீண்ட விடுமுறைகளில் வாரக்கணக்கில் முன்பே நிரம்பிவிடும். அக்டோபரில் க்ரான் ரெய்து ஓட்டம் நடக்கும் நாட்களில் தைபித், மைதோ இரண்டிலும் கார் விட இடம் தேடி அலைவீர்கள். இரவுச் சாப்பாடு பெரும்பாலும் கோழிக் குழம்போ ‘சொசீஸ் ருகாயோ’தான் (தக்காளியும் மிளகாயும் சேர்த்துச் சமைத்த சாசேஜ்). விரதம் இருப்பவர்கள், சைவம் சாப்பிடுபவர்கள் முன்பதிவின்போதே ‘சான் வியாந்த்’ (இறைச்சி இல்லாமல்) என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சோறு, பயறு, கீரை, ருகாய் (தக்காளி மிளகாய்த் தொக்கு) கிடைத்துவிடும். வாசலில் போய் நின்று சொன்னால், ஹெலிகாப்டரில் வந்த பொருளை வைத்துச் சமைத்த வீட்டுக்காரருக்குச் சங்கடம். உள்ளே வங்கி கிடையாது, ரொக்கம் கொண்டு போங்கள்.

காரை விடும்போது

பொருள்களை வீட்டிலேயே பிரித்து வையுங்கள். நிறுத்துமிடத்தில் வந்து டிக்கியைத் திறந்து, பையை மாற்றி, மடிக்கணினியை உள்ளே தள்ளி மூடுவதை யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம். காரில் எதுவும் கண்ணுக்குத் தெரியக் கூடாது; சார்ஜர் கம்பிகூட. முன்பக்கச் சிறு பெட்டியைத் திறந்தே வைத்துவிட்டால் உள்ளே ஒன்றுமில்லை என்பது வெளியிலிருந்தே தெரியும். கார்ப் பத்திரங்களை உங்களோடு வைத்துக்கொள்ளுங்கள். வாடகைக் காரானால் கண்ணாடி உடைந்தால் யார் பொறுப்பு என்று ஒப்பந்தத்தில் முன்பே படித்துவிடுங்கள்.

வண்டியை இறங்கும் திசை பார்த்து நிறுத்துங்கள். பாறைச் சுவருக்கு நேர் கீழே வேண்டாம். தரையில் புதிதாக உடைந்த கற்கள் கிடந்தால் அந்த இடம் அடி வாங்கும் இடம். வளைவில் வேண்டாம், வெள்ளைக் கோட்டுக்குள் சக்கரம் வர வேண்டாம், ஏனென்றால் பேருந்தும் தீயணைப்பு வண்டியும் அந்த அகலத்தை நம்பித்தான் ஓட்டுகின்றன. சரிவில் கை பிரேக்கோடு கியரிலும் விட்டு, சக்கரத்தை ஓரத்துக்குத் திருப்பி வையுங்கள். சாவியை ஜிப் உள்ள உள்பையில் போட்டு, இரண்டாவது சாவியை வேறொருவரிடம் கொடுங்கள்.

எந்த வாசல், எந்த ஜீத், எத்தனை மணிக்குக் காருக்குத் திரும்புவீர்கள் என்பதை வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். கைப்பேசி எல்லா இடத்திலும் எடுக்காது. எடுக்கும் இடத்தில் அவசரத்துக்கு 112. மலை மீட்புப் படைக்கு நேராக 0262 930 930.

இரண்டு கார், இரண்டு குழு

ஒரு வாசலில் இறங்கி மற்றொன்றில் ஏறினால் மஃபாத்தின் முழு அழகும் தெரியும்: கோல் தே பே வழியே உள்ளே, தைபித் வழியே வெளியே. காலுக்கு அது ஒன்றரை நாள் நடை. காருக்கோ தீவைப் பாதி சுற்றும் சாலை, மூன்று மணி நேரம் போல. தனி ஒரு காரோடு இதைச் செய்ய முடியாது. இரண்டு குடும்பங்கள் சேர்ந்து, ஒன்று சலாஸி பக்கமிருந்தும் மற்றது சிலாவோஸ் பக்கமிருந்தும் நடந்து, மார்லாவில் ஒன்றாகத் தங்கிச் சாவியை மாற்றிக்கொள்வது நல்ல ஏற்பாடு. வாடகைக் காரென்றால் ஓட்டப்போகிறவர் பெயரும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் காப்பீடு செல்லாது.

சாவி கைமாறும்போது கார்ப் பத்திரத்தையும் கொடுங்கள். கார் எண், நிறம், எந்த மரத்தடியில் எந்தப் பலகைக்குப் பக்கத்தில் விட்டிருக்கிறீர்கள் என்பதைப் படமெடுத்து அவர்கள் கைப்பேசியில் அங்கேயே மாற்றிவிடுங்கள். பெத்தி கோலில் மூடுபனி இறங்கிவிட்டால் வரிசையில் நிற்கும் வெள்ளைக் கார்கள் எல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும்.